ஒன்றரை முஷ்டி தூரத்தில் வெள்ளி

"டேங்க் ஃபுல் ஆனா சொல்லுமா உங்க மிஷின்?" என்று கேட்டார் வரதராஜ் அண்ணா.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால். வெயில் காலம். ஹைதராபாத் அல்வாலில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடி. ராத்திரி முழுக்கச் சூடு கக்கிய சிமெண்ட் தரை அப்போதுதான் ஆறி, வெறுங்காலுக்கு இதமாக இருந்தது. நடுவில் மூன்று கால்களை விரித்துக்கொண்டு என் டெலஸ்கோப் நின்றது. அடியில் இருந்த மோட்டார், மாவு தீர்ந்துபோன கிரைண்டர் மாதிரி மெதுவாக உறுமிக்கொண்டே குழாயைத் திருப்பியது. திருப்பித் திருப்பி, கடைசியில் கிழக்கு மூலையில் மாடிப்படி ரூமுக்கு மேலே இருந்த கறுப்புத் தண்ணீர் டேங்க்குக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. 'பீப்' என்று ஒரு சத்தம். வேலையை முடித்துவிட்ட திருப்தி அதில் இருந்தது.

கையில் இருந்த ரிமோட்டில் சிவப்பு எழுத்து மின்னியது. வெள்ளி கிரகம் என்று இங்கிலீஷில்.

"டேங்க்கைப் பாக்கலீங்கண்ணா. வெள்ளியைத் தேடுது" என்றேன்.

"வெள்ளியா?" அவர் அண்ணாந்தார். "அதோ நிக்கிதே."

நின்றது. அதுதான் கொடுமை. டேங்க்குக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில், கல்யாண வீட்டு ட்யூப்லைட் மாதிரி வெள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டாம், மூக்குக்கண்ணாடிகூட வேண்டாம். வானத்தில் வேறு எதுவும் அதோடு போட்டிக்கு வரவில்லை.

"ஹவ், அதேதானே?" என்றார்.

"அதேதாங்க."

"அப்போ கைக்கு தேடணும்?"

அவர் ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

"கையால புடிச்சுத் திருப்பிடுங்களேன் சார்."

"கையால திருப்பக் கூடாதுங்க. உள்ள பல்சக்கரம் உடைஞ்சிரும். அதுவாத்தான் திரும்பணும்."

"அரே, நக்கோ சார். கண்ணு முன்னாடி நிக்கிறவனை மிஷினுக்கு அட்ரஸ் குடுத்துத் தேடறீங்க" என்று சொல்லிவிட்டு டேங்க் மூடியைத் திறக்க ஏணியில் ஏறினார். அவர் ஏறிய பிறகு கண்ணை வைத்துப் பார்த்தேன். அவருடைய லுங்கியின் கட்டம் ஒவ்வொன்றும் கேரம்போர்டு அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அமெரிக்காவிலிருந்து நான் சுமந்துவந்த வானியல் கருவியில் கண்ட முதல் அதிசயம் அதுதான்.

வானத்தைத் தெரிந்த பெட்டி

வரதராஜ் அண்ணா எங்கள் வீட்டு ஓனர். கீழ் போர்ஷனில் அவர், மேல் போர்ஷனில் நாங்கள். அவர் குடும்பம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சிகந்தராபாத் வந்தது. பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழுக்குள் ஹைதராபாத் உருதுவோடு ஊரே குடியிருக்கும்: 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். குழாய்த் தண்ணீர் விடிகாலையில்தான் வரும் என்பதால், டேங்க் வழிகிறதா என்று பார்க்கத் தினமும் அந்த நேரத்துக்கு மாடிக்கு வருவார்.

நாங்கள் என்றால் நானும் மகேஸ்வரியும். வீட்டில் இரண்டே பேர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் பிழைப்புக்கு ஹைதராபாத் வந்தவன் நான். என்னோடு வந்தவள், வந்த ஆறாவது மாதத்தில் என்னைவிட நல்ல வேலையில் சேர்ந்தாள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கே சோதனைக்கூடத்தில் மாத்திரைகள் சொன்னபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்கிற வேலை. வீட்டில் என்னைச் சரிபார்ப்பது ஓவர்டைம்.

இந்தத் தொடரின் சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உங்களுக்கு வீட்டில் மரியாதையே கிடையாதா?' என்று கேட்டிருந்தார். உண்டு ஐயா. தீபாவளியன்று காலில் விழுவாள். விழுந்தபடியே, 'நகம் வெட்டுங்க' என்று சொல்வாள்.

டெலஸ்கோப் வந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கம்பெனி என்னை மூன்று மாதம் நியூஜெர்சிக்கு அனுப்பியது. திரும்பும்போது எல்லோரும் சாக்லேட், சென்ட், ஷேவிங் மெஷின் வாங்குவார்கள். மகேஸ்வரி கேட்டது ஒரே ஒரு நான்ஸ்டிக் தவா. வாங்கத்தான் கடைக்குப் போனேன். தவா இருந்த வரிசைக்குப் பக்கத்து வரிசையில் இது நின்றது.

கடைக்காரப் பையன் சொன்ன ஒரு வார்த்தையில் விழுந்தேன். "உங்களுக்கு வானத்தைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டாம். இதற்குத் தெரியும்" என்றான். பொத்தானை அமுக்கிப் பேரைத் தேர்ந்தெடுத்தால் போதுமாம். சனி என்றால் சனி, வியாழன் என்றால் வியாழன். தானே திரும்பிக் காட்டுமாம். அதோடு, பார்த்ததை விடாமல் பின்தொடர்ந்துகொண்டே இருக்குமாம்.

எதுவும் தெரியாமலே எல்லாம் தெரிந்த மாதிரி நிற்பது. அதுவரைக்கும் என் உத்தியோகம் முழுக்க அந்தக் கொள்கையில்தான் ஓடியிருந்தது. கருவியே அதற்கு ஒத்துழைக்கிறது என்றால் விடுவேனா?

ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் மூன்று கால்களையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதில் என்ன பார்ப்பீர்கள்?" என்றார். "இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன். நிஜத்தைச் சொன்னதாலோ என்னவோ விட்டுவிட்டார். வீட்டில் மகேஸ்வரி சூட்கேஸின் அடிவரைக்கும் கைவிட்டுத் தேடிவிட்டு, "தவா எந்தக் காலுங்க?" என்று கேட்டாள்.

ரயில்வே கேட்

எங்கள் வாழ்க்கை அப்போது எப்படி ஓடியது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எனக்கு அமெரிக்க ஷிஃப்ட். சாயங்காலம் போனால் விடியற்காலை நாலரைக்கு கம்பெனி கார் கொண்டுவந்து விடும். அவளுக்குக் காலை ஏழுக்குத் தெருமுனையில் வேன் வரும். இரண்டு தடவை ஹாரன் அடிக்கும், மூன்றாவது அடிக்காது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட மகேஸ்வரி அந்த வேனைத் தவறவிட்டதில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறாள். என்னோடு சண்டையின் நடுவில், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் திரும்புவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். ஆனால் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. அதிர்ஷ்டம் இருந்தால் கேட் மூடியிருக்கும். அந்தப் பக்கம் அவள் வேன், இந்தப் பக்கம் என் கார். ரயில் வருவதற்குள் ஜன்னல் வழியாக அவள் கையை ஆட்டுவாள், நான் ஆட்டுவேன். பிறகு நடுவே ரயில் போகும். பெட்டிகளுக்கு இடையில் ஒரு நொடி தெரிவாள், மறைவாள், தெரிவாள். கேட் திறந்ததும் அவரவர் திசையில் போய்விடுவோம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குமேல் ஆன பிறகும் ரயிலுக்காகக் காத்திருந்த ஒரே தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். அந்த ரயிலில் எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

என் ஆபீஸில் ஷிஃப்ட் மாறும்போது 'ஹேண்டோவர்' என்று ஒரு வழக்கம் உண்டு. என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று எழுதி அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். விளையாட்டாக வீட்டில் ஆரம்பித்தேன். அது நிலைத்துவிட்டது. தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் எழுதி வைப்பாள்: 'கேஸ் வந்துவிட்டது. ரசம் கீழ்த்தட்டில். பாத்ரூம் குழாய் பெண்டிங். உங்கம்மாவுக்குப் போன் செய்வது பெண்டிங். போன வாரத்திலிருந்து பெண்டிங்.'

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கைக்கடிகாரத்தில் நியூஜெர்சி மணிதான் வைத்திருந்தேன். வேலைக்கு அதுதான் வசதி. வீட்டு மணி வேண்டுமென்றால் மனக்கணக்கில் கூட்டிக்கொள்வேன். யாராவது மணி கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். வரதராஜ் அண்ணா ரொம்ப நாள் எனக்கு மணி பார்க்கத் தெரியாது என்றே நினைத்திருந்தார்.

மீன் நன்றாக இருக்கும்

அந்த வெயில் காலத்தில்தான் மகேஸ்வரிக்கு ஒரு கடிதம் வந்தது.

அவளுடைய கம்பெனி வைசாக் என்கிற விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் புது யூனிட் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே சோதனைக்கூடத்துக்கு அவளையே தலைமையாகப் போட விரும்பினார்கள். ஜூனில் போய்ச் சேர வேண்டும். சம்மதமென்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் தர வேண்டும்.

நான் கூடப் போக முடியாது. என் மாதிரி ஆட்களுக்கு அந்த ஊரில் அப்போது வேலை இல்லை. அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து, எங்கள் ஆபீஸிலேயே வாரத்துக்கு நாலு நாற்காலி காலியாகிக்கொண்டிருந்த நேரம் வேறு. நாற்பதை எட்டப்போகிற நான் ராஜினாமா செய்தால் செக்யூரிட்டிகூட ஏன் என்று கேட்கமாட்டார்.

ஒரு விடியற்காலை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது அவள் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு மனுஷன் அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும். 'போகாதே' என்றாவது, 'சந்தோஷமாகப் போ' என்றாவது. எனக்கு வாயைத் திறந்தால் ஜோக்தான் வரும். பிறவிக் கோளாறு. "வைசாக்ல மீன் நல்லா இருக்கும்" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "இங்க இருந்தாலும்தான் நாம எங்கீங்க பாத்துக்கறோம்? அங்கயும் ஒரு ரயில்வே கேட் இருக்காமலா போயிரும்?" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலண்டர் தாளில் கடைசி வரியாக எழுதியிருந்தாள்: 'வைசாக் லெட்டர் பெண்டிங்.'

அன்றைக்குத்தான் பரண்மேல் கிடந்த டெலஸ்கோப்பைக் கீழே இறக்கினேன். ஏன் என்று இப்போது கேட்டாலும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. வாயால் சொல்ல முடியாததை எதையாவது காட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றியிருக்கும். அவளும் நானும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது விடியற்காலையில்தான். அந்த மாதம் விடியற்காலை வானத்தில் வெள்ளி இருந்தது. திங்கட்கிழமைக்குள் அவளுக்கு அதைக் காட்டிவிட வேண்டும்.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

இனி, சனிக்கிழமை விடியலில் டேங்க்கைக் கண்டுபிடித்த இயந்திரத்துக்கு வருகிறேன்.

அதற்கு ஒரு சடங்கு உண்டு. முதலில் மூன்று கால்களும் சமமாக நிற்க வேண்டும். குழாயை வடக்குப் பார்த்துப் படுக்க வைக்க வேண்டும். பிறகு ரிமோட் கேள்வி கேட்கும். எந்த ஊர்? என்ன தேதி? மணி என்ன? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால், 'இதோ இந்த நட்சத்திரம்' என்று ஓர் இடத்துக்குத் திரும்பிக் காட்டி, 'நடுவில் இருக்கிறதா?' என்று கேட்கும். இல்லையென்றால் பொத்தானை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இருந்தால் சரி என்று அமுக்கலாம். இப்படி இரண்டு நட்சத்திரங்கள். அதை வைத்துத்தான் அது வானத்தைப் புரிந்துகொள்கிறது.

எனக்கு எந்த நட்சத்திரத்துக்கு எந்தப் பெயர் என்று தெரியாது. குழாயில் கண்ணை வைத்தால் ஏதோ இரண்டு புள்ளி தெரியும், நட்சத்திரம் மாதிரித்தான் இருக்கும். சரி என்று அமுக்கிவிடுவேன். கம்ப்யூட்டரில் எதை நிறுவும்போதும் எந்த அறிவிப்பையும் படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று அமுக்கிய கை இது. வானத்திடம் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமா?

சனிக்கிழமை டேங்க்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். உறுமியது, திரும்பியது, பீப் என்றது. டேங்க்.

"சலாம் சார். டேங்க் நல்லா இருக்குதா?" என்று கேட்டபடி வந்தார் வரதராஜ் அண்ணா.

"போச்சாது போங்கண்ணா, அவுரு தேடட்டும்" என்று பின்னால் குரல் கேட்டது. மகேஸ்வரி காபி டம்ளரோடு துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சனிக்கிழமையும் இதே மாதிரி இரண்டு நிமிஷம் வந்து நின்றுவிட்டுப் போனாள். இரண்டு நாளும் அவள் செய்த காரியம் ஒன்று எனக்குக் கலக்கமாக இருந்தது. வந்து நின்றாள். டம்ளரைச் சுவரில் வைத்தாள். கையை முன்னால் நீட்டினாள். முஷ்டியை மடக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே பார்த்தாள்.

அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை நான்கு மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். முந்தின ராத்திரி எனக்கு ஷிஃப்ட் கிடையாது. தெருவில் நாய்கள்கூடத் தூங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் ரயில் ஒன்று எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி ஒரு தடவை ஊதிவிட்டுப் போயிற்று. சுற்றிலும் இருந்த மாடிகளில் மனிதர்கள் கொசுவலைக்குள் கிடந்தார்கள். வெளிச்சம் வராத அந்த நேரத்தில் வலைகள் வெள்ளையாக, லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஊரே எங்கேயோ மிதந்துபோக அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கெல்லாம் மேலே வெள்ளி, யாரையும் கூப்பிடாமல் நின்றது.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். பீப். டேங்க்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

படியில் கொலுசு இல்லாத கால்சத்தம். மகேஸ்வரி வந்தாள். ஆபீஸுக்குத் தயாராகிவிட்டாள். ஈரத்தலை, தோளில் கைப்பை. அன்றைக்குச் சீக்கிரமாகவே எழுந்திருக்கிறாள்.

"என்னங்க, இன்னைக்கும் டேங்க்கா?"

அந்த இடத்துக்கு என்னிடம் நாலு ஜோக்காவது இருந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"நீ போறதுக்குள்ள ஒருக்காவாச்சும் ஒழுங்காக் காட்டிப்போடலாம்னு பாத்தேன் அம்மிணி" என்றேன். "நீ போயிட்டீன்னா அப்பறம் நான் யாருக்குக் காட்டறது?"

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து முக்காலியைப் பார்த்தாள்.

"ஒரு காலு ஏனுங்க எறங்கி நிக்குது?"

மொட்டைமாடித் தரை, மழைத்தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டிருப்பார்களே, அந்தச் சரிவு. "கெடைக்கறதை எதையாச்சும் மடிச்சு வெக்கோணும்" என்றேன்.

கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். இறங்கியிருந்த காலைத் தூக்கச் சொல்லி அடியில் செருகினாள். கரண்ட் பில் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப மறுக்கா போடுங்."

போட்டேன். உறுமல். பீப். குழாய் கொஞ்சம் நேராக நின்று, அதே டேங்க்கை இன்னும் தெளிவாகப் பார்த்தது.

அவள் குழாய்க்குப் பின்னால் போய் நின்றாள். கையை நீட்டினாள். முஷ்டியை மடக்கினாள். டேங்க்குக்கு மேலே ஒரு முஷ்டி. அதற்கு மேலே அரை முஷ்டி. அதற்கு மேலே வெள்ளி.

"சனிக்கெழமை ஒண்ணரை. நேத்தும் ஒண்ணரை. இன்னைக்கும் ஒண்ணரை" என்றாள்.

"என்னது?"

"தப்புங்க. எங்க லேப்ல ஒரு தராசு இன்னைக்குக் கொஞ்சம் கூட, நாளைக்குக் கொஞ்சம் கொறைச்சுக் காட்டுச்சுன்னா, தராசு கெட்டுப்போச்சு. தெனமும் ஒரே அளவுல தப்பாக் காட்டுச்சுன்னா தராசு நல்ல தராசு. வெச்ச ஆளு எதையோ தப்பா வெச்சிருக்காரு." அவள் கையை நீட்டினாள். இந்த முறை முஷ்டி இல்லை. "அந்த ரிமோட்டக் குடுங்."

கொடுத்தேன். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். நான் வாழ்நாளில் படிக்காத வேகத்தில், மெதுவாக.

"ஊரு சரி. தேதி சரி. மணி நாலே முக்காலாச்சே, அதுவும் சரியாத்தான் போட்டிருக்கறீங்க. இது என்னங்க, 'டேலைட் சேவிங்'? 'யெஸ்'ன்னு இருக்குது?"

ரிமோட்டை எட்டிப் பார்த்தேன்.

வெயில் காலம் வந்தால் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். மார்ச் மாதத்தில் எங்கள் ஆபீஸில் அதற்காக ஒரு வாரம் திருவிழா மாதிரி வேலை நடக்கும். எந்த மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் 'யெஸ்' என்று அமுக்கிக்கொண்டே இருப்போம். இந்த மெஷினும் கேட்டது. என் விரல் என்னைக் கேட்காமலே பதில் சொல்லியிருக்கிறது.

"அது அவுங்க ஊருக்கு" என்றேன் ஈனமாக.

"நாம எந்த ஊர்லீங்க இருக்கறோம்?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். நான் என் வாட்சைப் பார்த்தேன், அது நியூஜெர்சி மணி காட்டியது. ஒரு மணி நேரத்தில் வானம் ஒன்றரை முஷ்டி நகரும் என்பதைப் பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். நான் ஒரு மணி நேரம் தள்ளி நின்றுகொண்டு, வானம் தப்பாக இருக்கிறது என்று மூன்று நாளாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

"உன்ற வாட்ச்ல மணி என்ன?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். குழாயை மறுபடி வடக்கே படுக்க வைத்து நான் அதை அமுக்கினேன். 'நோ' என்று அவள் அமுக்கினாள்.

இயந்திரம் உறுமியது. குழாய் வடக்கிலிருந்து கிளம்பி, தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி மெதுவாகக் கிழக்கே திரும்பி, டேங்க்கைத் தாண்டி, அரை முஷ்டி, ஒரு முஷ்டி, ஒன்றரை என்று மேலே ஏறி நின்றது. பீப்.

நீலத்துக்குள்

முதலில் அவள்தான் பார்த்தாள்.

"நெலாவைக் காட்டீட்டு வெள்ளிங்கறீங்களா?"

"நெலா எங்க இருக்குது? வானத்தைப் பாரு."

கண்ணை எடுத்துச் சுற்றிலும் பார்த்தாள். நிலா இல்லை. மறுபடி குனிந்தாள். வெள்ளிக்கும் பிறை உண்டு. மூன்றாம் பிறை மாதிரி, ஆனால் பொட்டு அளவு. தண்ணீருக்கடியில் கிடக்கிற நகத்துண்டு மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும்.

டேங்க் பார்க்க வந்த வரதராஜ் அண்ணாவும் பார்த்தார். "அரே! இவனுக்கும் அமாவாசை வருமா?" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "என் டேங்க்கை விட்டுடுச்சே சார், அதுதான் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு கீழே போனார்.

விடிந்தது. சிறிய நட்சத்திரங்கள் போயின, பெரியவை போயின. கொசுவலைகளுக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து பாய் சுருட்டினார்கள். சூரியன் வந்தது. "அது பக்கம் குழாய் திரும்புச்சுன்னா கண்ணு போயிரும். பொத்தான்ல கை வெக்காதீங்க" என்றாள் மகேஸ்வரி. எச்சரிக்கைக் குறிப்பை எப்போது படித்தாள் என்று தெரியவில்லை.

வெறும் கண்ணுக்கு வெள்ளி காணாமல் போய்விட்டது. ஆனால் கடைக்காரப் பையன் சொன்ன மாதிரி, மோட்டார் கேட்டும் கேட்காத சத்தத்தில் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. குழாய்க்குள் கறுப்பு வெளுத்து ஊதாவாகி, ஊதா நீலமாயிற்று. அந்தப் பட்டப்பகல் நீலத்துக்கு நடுவில், நடுக்கம்கூடக் குறைந்து, வெள்ளைப் பிறை அப்படியே இருந்தது.

"போகவே இல்லீங்க" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "வெடியால ஆனா போயிரும்னு நெனச்சுட்டு இருந்தேன். இங்கயேதான் இருக்குது."

தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒன்று.

நான் கைப்பையை எடுத்து அவள் தோளருகே நீட்டினேன்.

இரண்டு.

"மேடம்! வேன்!" என்று கீழேயிருந்து வரதராஜ் அண்ணா கத்தினார்.

அவள் அசையவில்லை. அவள் இமை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்ததைப் பக்கவாட்டில் பார்த்தேன். வேன் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"வேன் போயிருச்சு" என்றேன்.

"போகட்டும்" என்றாள்.

கேட்

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த வெளிச்சத்தில் ஊரைப் பார்த்து எனக்கு வருஷக்கணக்காகியிருந்தது. இட்லிக் கடையில் கூட்டம், ஸ்கூல் ஆட்டோக்கள், கருப்பஞ்சாறு வண்டி. எல்லாம் எனக்குத் தெரியாமல் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வெள்ளி வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம். நாலு வார்த்தை பேசத் தெரியாதவன் ஒரு கிரகத்தையே பேச வைத்துவிட்டேன் அல்லவா?

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை அணைத்தேன். கேட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றது அன்றுதான்.

அவள் ஹெல்மெட்டைத் தூக்கி அண்ணாந்து பார்த்தாள். "இப்ப எங்கீங்க இருக்கும்?"

நான் யோசித்து, உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே காட்டினேன்.

"டேலைட் சேவிங் போட்டுச் சொல்றீங்களா, போடாமயா?"

ரயில் வருகிற அதிர்வு தண்டவாளத்தில் கேட்டது. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மிணி. அந்த வைசாக் லெட்டரு. கையெழுத்துப் போட்டுட்டியா? கைப்பையில இருக்குதா?"

"கைப்பையில இல்லீங்."

"வீட்லயா?"

"உங்க முக்காலிக்கு அடியில இருக்குது. போயி உருவிப்போடாதீங்க, லெவல் போயிரும்."

ரயில் வந்தது. அது போகிறவரை பேச முடியாது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று, கணக்குப் போட அவகாசம் கிடைத்தது. அவள் அதை மடித்துச் செருகியபோது இயந்திரம் இன்னும் டேங்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளி அப்போது இந்தக் கதைக்குள்ளேயே வந்திருக்கவில்லை; அதற்கு முன்னால் நடந்தது, நான் ஜோக் இல்லாமல் பேசிய அந்த இரண்டு வாக்கியம் மட்டும்தான்.

கடைசிப் பெட்டியும் போயிற்று. நான் கையைத் தூக்கி வாட்சைக் கழற்றி, வீட்டு மணிக்குத் திருப்பலானேன். அவள் பின்னாலிருந்து மணி சொன்னாள். கேட் மேலே ஏறியது. பின்னால் லாரி, ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து, வெறும் நீலத்தில், நான் காட்டிய இடத்துக்கு ஒன்றரை முஷ்டி தள்ளித் தேடிக்கொண்டிருந்தோம்.